இடது ஸ்பீக்கர் ஏன் பேசவில்லை, மச்சான்?

ஊவா மலைகளை எல்லாம் சத்தம் போட வைத்துவிட்டு, தான் மட்டும் சத்தமில்லாமல் புறப்பட்டுப்போன என் அருமை மச்சானுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். அங்கே திருவிழா உண்டா? உண்டென்றால் செட் கட்டுவது யார்? ஏற்கனவே ஒருவர் இருந்து, அவருடைய வயரைப் பார்த்து நீங்கள் உச்சுக்கொட்டி, அவர் முகம் சுருங்கி, வந்த வேகத்திலேயே பகை தேடிக்கொண்டீர்களா? இங்கே அக்கா நலம். நான் வழக்கம்போலச் சந்தேகத்தோடு நலம்.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இவர் என் அக்காவின் வீட்டுக்காரர் செல்லையா. ஹல்துமுல்லையிலிருந்து வெலிமடை வரைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவா, கல்யாணமா, பிள்ளைக்குச் சடங்கா, ஒலிபெருக்கி கட்ட இவர்தான் போக வேண்டும். வெறும் செல்லையா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘செட்டு செல்லையா’ என்றால் நாய்கூட வழி காட்டும்.

என் சந்தேக புத்தி உங்களுக்குத் தெரியாததா, மச்சான்? சம்பலில் மாசிக் கருவாடு குறைந்தால் முதலில் பூனையைச் சந்தேகிப்பேன், அடுத்து சாந்தியை, கடைசியில் மாசி விற்றவரை. கட்டின மனைவியை நடுவில் வைத்துச் சந்தேகிக்கிற ஒரே ஆள் பதுளையிலேயே நான்தான் என்று அவள் சொல்வாள். இந்த முறை மாட்டியது உங்கள் பெட்டி.

அந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயரைத்தான் சொல்கிறேன். தோட்டத்தை விட்டுப் போன மேனேஜர் தொரை ஒருவர், தன் பிரியாவிடைக்கு நீங்கள் செட் கட்டிய அழகைப் பார்த்துவிட்டு, பங்களாவிலிருந்து தூக்கிக் கொடுத்தது. மரக்கூடு, வெள்ளி முகம், கண்ணாடிக்குப் பின்னால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆடுகிற இரண்டு முள். திருவிழாவுக்கு அதை ஒரு நாளும் கொண்டுபோனதில்லை நீங்கள். ‘அது வீட்டோட இருக்கட்டும், பொம்பளப் புள்ள மாதிரி’ என்பீர்கள். துடைக்க அக்காவைக்கூட விட்டதில்லை.

நீங்கள் போனபோது பெட்டி வீட்டில் இல்லை. உறுமல் சத்தம் வருகிறதென்று மணியண்ணன் கடையில் கொடுத்திருந்தீர்கள். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற அதே மணியண்ணன், உங்கள் பாதி ஆயுளுக்குச் சிநேகிதர். கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் பெட்டியைக் கொண்டுவந்து, மூலையில் வைத்து, டீ குடிக்காமல் போய்விட்டார். டீ குடிக்காமல்! எனக்கு அங்கேயே மூக்கு வேர்த்தது. மடியில் கனமில்லாத மனிதன் ஒரு வீட்டில் ஒரு டீயாவது குடிப்பானா, மாட்டானா?

“அக்கா, பெட்டிய நான் ஒருவாட்டி போட்டுப் பாக்குறேன்” என்றேன்.

“ஒன்னும் பாக்க வேணாம். இருக்கிற எடத்துல இருக்கட்டும்.”

“இல்ல, சாமான் கீமான் மாத்தியிருந்தா? இந்தக் காலத்துல பழைய பெட்டின்னா உள்ளுக்குள்ள இருக்கிறதுக்குத்தான் கிராக்கி.”

“மணியண்ணனையா சொல்ற? வாயக் கழுவு போ.”

அக்கா ஏசினால் நான் அடங்குகிற ஆள்தான். ஆனால் ஏசிவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. இவளும் கூட்டா? அடுத்த வாரம் அவள் தண்ணீர் வரி கட்டப் போன நேரம் பார்த்து, பழைய சேலையில் சுற்றி, பதுளையில் என் வீட்டுக்குக் கொண்டுபோகப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஹப்புத்தளை வரைக்கும் சுமந்துகொண்டு நின்றதில் கால் வலி, அப்புறம் மடியில் வைத்து உட்கார்ந்ததில் தொடை வலி. பக்கத்து ஸீட் ஆயா, “என்னங்கய்யா இது, பொதி துடிக்குது?” என்று கேட்டார். பஸ் துடித்தது. நான் திருட்டு முழி முழித்தேன். தங்கச்சி வீட்டு டீவி என்று ஒரு பொய். எனக்குத் தங்கச்சியே இல்லை.

பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை அன்று மத்தியானம் சோதனை. சாந்தியை முன்னறையிலிருந்து கிளப்பிவிட்டு, என் வீட்டிலிருந்த இரண்டு ஸ்பீக்கரையும் சுவரோரமாகச் சம தூரத்தில் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கைப்பேசியிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியின் பின்னால் சொருகினேன். ஆம்ப் சோதிக்கவென்றே ஒரு பதிவு இருக்கிறது மச்சான், இறக்கி வைத்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரன் ‘இடது’ என்பான், இடப்பக்கம் மட்டும் கேட்க வேண்டும். ‘வலது’ என்பான், வலப்பக்கம் மட்டும் கேட்க வேண்டும். அவ்வளவுதான், குழந்தைப்பிள்ளை விளையாட்டு.

சுவிட்சைத் தட்டினேன். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. உறுமல் இல்லை. சத்தக் குமிழைத் திருகினேன், கரகரப்பு இல்லை. அட, மணியண்ணன் வேலைக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டே பதிவை ஓடவிட்டேன்.

“இடது” என்றான் வெள்ளைக்காரன், வலப்பக்கத்திலிருந்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேட்டது காதுதான், ஆனாலும் கண்ணைத்தான் துடைத்தேன். “வலது” என்றான். அதுவும் வலப்பக்கம். இடது ஸ்பீக்கர் ஊமை. ஆனால் இடப்பக்கத்து முள் மட்டும் கண்ணாடிக்குள் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் ஆடுகிற முள்ளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பூட்டின வீட்டுக்குள் யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது.

ஸ்பீக்கரை இடம் மாற்றிப் போட்டேன். இடதில் செத்துக் கிடந்தது வலதில் கணீரென்று பேசியது, ஆகவே ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. பின்னால் சொருகின வயரை மாற்றிச் சொருகினேன். அப்போதும் இரண்டும் வலது பக்கம்தான். இடம் வலம் சமப்படுத்துகிற குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருகினேன். இடக்கோடியில் வலதும் அடங்கிப்போனது, இடது மட்டும் வாய் திறக்கவில்லை. ‘மோனோ’ பொத்தான் அமுங்கியிருக்கிறதோ என்று பார்த்தேன், அதை அமுக்கினால் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுமே. இல்லை, வெளியேதான் இருந்தது.

சாந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, அந்த ஆளு இடது இடதுங்கிறான், நீங்க வலதுபக்கம் பாத்துக்கிட்டு இருக்கீங்க? கலியாணத்தன்னைக்கும் இப்புடித்தான் முழிச்சீங்க.”

“சும்மா இரு. இங்க ஒரு திருட்டு நடந்திருக்கு.”

“பெட்டியக் கேக்காமத் தூக்கிட்டு வந்ததையா சொல்றீங்க?”

ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். எனக்கு எலக்ட்ரானிக் தெரியாது, ஆனால் புது ஈயம் மினுக்குவது குருடனுக்கும் தெரியும். பழைய தூசிக்கு நடுவில், இடது ஸ்பீக்கருக்குப் போகிற வயர் நறுக்கென்று வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. உள்ளே வருகிற இடத்தில் இடதையும் வலதையும் சேர்த்து ஒரு சின்னப் பாலம். வெட்டியது கை தவறி நடந்ததல்ல. பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

இடதுபக்கத்து நல்ல சாமான்களைக் கழற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமலிருக்க இரண்டு பக்கத்தையும் ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார்! செத்தவர் வீட்டில் யார் ஸ்டீரியோ கேட்கப் போகிறார்கள் என்கிற தைரியம்! எனக்கு ரத்தம் கொதித்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன். என் சந்தேகம் ஒன்றாவது பலிக்க வேண்டாமா?

மறுநாள் பெட்டியோடு மணியண்ணன் கடைக்குப் போனேன். போகிற வழியில் டீக்கடையில் இரண்டு பேரிடம் விஷயத்தைக் கோடிகாட்டிவிட்டுத்தான் போனேன், அது என் பிறவிக்குணம். கடையில் ரைஸ் குக்கரோடு ஒரு அம்மா நின்றார்.

“வாங்க தம்பி” என்ற மணியண்ணன், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இந்தப் பெட்டிய கடைசியாத் தொறந்தது யாரு?”

“நான்தான்.”

“இடதுபக்க வயர வெட்டினது?”

என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா ரைஸ் குக்கர் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“அதுவும் நான்தான்.”

“எதுக்கு?”

“தோணுச்சு, வெட்டினேன்.”

“மச்சான் வெட்டச் சொன்னாரா?”

அங்கேதான் மனிதர் கொஞ்சம் தடுமாறினார், மச்சான். தடுமாறி, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“செத்தவர எதுக்குத் தம்பி சாட்சிக்கு இழுக்குறீங்க? செஞ்சது நான். கெட்ட பேரும் எனக்கே இருக்கட்டும். போய் ஊருல சொல்லுங்க. சொல்லாம இருந்தா உங்களுக்குத்தான் தூக்கம் வராதே.”

“அண்ணே, நான் அடுத்த கெழம கொண்டாறேன்” என்று அந்த அம்மா ரைஸ் குக்கரைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ரிப்பேர்க்காரர் சாமான் மாற்றுகிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், நம் ஊரில் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்துக்கு வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். “ஒத்துக்கிட்டாரு அக்கா! தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரு!”

அக்கா அந்தச் சந்தோஷத்தில் பங்கு கேட்கவில்லை.

“பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வா. வழியில எவன்கிட்டயும் வாயத் தெறக்காத.”

மறுபடி பஸ். மறுபடி தொடை வலி. அக்கா வாசலிலேயே நின்றாள். பெட்டியை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள். அதன் பிறகுதான் பேச்சு.

“ஒத்துக்கிட்டாருங்கிறியே, ஒரு மனுஷன் எதுக்கு அப்புடி ஒத்துக்கணும்னு யோசிச்சியா? ஊரையெல்லாம் சந்தேகப்படுற, இதச் சந்தேகப்படத் தெரியலயா ஒனக்கு?”

“என்ன சொல்ற?”

“ஒன் மச்சானுக்கு இடது காது கேக்காதுடா.”

மச்சான், நான் சிரித்தேன். அடித்துச் சொல்கிறேன், முதலில் சிரித்தேன். செட்டுக்காரருக்குக் காது கேட்காதா? அக்கா சிரிக்கவில்லை.

“பூனாகலைத் திருவிழாவுல, ஸ்பீக்கர் குழாய்க்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. கூய்னு ஒரு சத்தம். அன்னைக்குப் போனது. யார்கிட்டயும் சொல்லல. எங்கிட்டயும் சொல்லல. நாந்தான் கண்டுபுடிச்சேன். படுக்கையில இடதுபக்கமிருந்து கூப்புட்டா அசைய மாட்டாரு.”

உங்கள் பெயர் போன அந்தத் துண்டு வித்தை ஞாபகம் வந்தது. கோயிலில் குழாய் கட்டியதும், எதிர் மலையில் மேல் லயத்து வீட்டு வரிசைக்கு ஆள் அனுப்பி, சத்தம் சுத்தமாகக் கேட்டால் வெள்ளைத் துண்டு, உடைந்து கேட்டால் சிவப்புத் துண்டு ஆட்டச் சொல்வீர்களே! மலைக்கு மலை சோதிக்கிற மனிதர் என்று ஊர் கொண்டாடியது. நான்கூட அதைப் பத்திரிகையில் எழுதினேன். உங்கள் காதால் பார்க்க முடியாததை அடுத்தவர் துண்டால் பார்த்தீர்களா, மச்சான்?

அதைவிட மோசமான ஒன்று. உங்கள் பக்கத்தில் என் நாற்காலி எந்தப் பக்கம்? இடப்பக்கம். எத்தனை வருஷம் அந்தக் காதில் ஊர் வம்பையெல்லாம் கொட்டியிருக்கிறேன்! யார் வீட்டில் என்ன சண்டை, எந்தத் தலைவர் எந்தக் கோயில் உண்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், சாந்தியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாதது எல்லாம். நீங்களும் தலையாட்டி, ‘சரிதான் மாப்ள’ என்பீர்கள். எதற்கும் அதே பதில். ஒரு சொல்கூட வெளியே போனதில்லை. இரகசியத்தைக் காப்பாற்றுகிற மனிதர் என்று நான் உங்களைப் புகழாத இடம் கிடையாது. வெளியே போக, முதலில் உள்ளே போயிருக்க வேண்டுமே!

“அப்ப பெட்டி?”

“அவருதான் மணியண்ணன்கிட்ட செய்யச் சொல்லியிருக்கணும். ரெண்டு பக்கமும் சத்தம் வந்தா அவருக்கு ஒன்னோட ஒன்னு முட்டிக்கும். உறுமலப் பாக்கக் குடுத்தப்பவே, எல்லாத்தையும் வலது பக்கமே வர மாதிரி செஞ்சு தரக் கேட்டிருப்பாரு. வெளிய இருக்கிற பொத்தான அமுக்கினா வர்றவன் போறவன் ஏன்னு கேப்பான். அதான் உள்ளுக்குள்ள. மணியண்ணன் வாயத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருப்பாரு. இல்லாட்டி எவனாவது திருடன்னு சொன்னா ஆமான்னு சொல்லுவானா?”

“அக்கா, நீ ஊரெல்லாம் சொல்லுவியே, இவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு, திமிரு புடிச்ச மனுஷன்னு...”

“வேற எப்புடிச் சொல்றது? செட்டுக்காரனுக்குக் காது கேக்காதுன்னா எந்தக் கோயில் கமிட்டி கூப்புடும்? திமிருன்னு பேரு வந்தா பொழப்பு நிக்கும்ல. யாராவது கூப்புட்டு இவரு திரும்பலன்னா, ‘அவருக்குக் கோவம், விடுங்க’ன்னு நான் முந்திக்குவேன். கோயில்ல பொம்பள இடதுபக்கம் நிக்கணும்னு பூசாரி எத்தன வாட்டி என்னைய ஏசினாரு! மொழங்கால் வலி, செவுரு புடிக்கணும்னு சொல்லிட்டு வலதுபக்கமே நின்னேன். அப்பத்தானே அவருக்கு நான் சொல்றது கேக்கும்.”

“ஒனக்குத் தெரியும்னு மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரியாது.” பெட்டியைப் பார்த்தாள். “தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்.”

இந்த ‘நினைக்கிறேன்’ எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். கட்டின மனைவி திடீரென்று பக்கம் மாறி நிற்கிறாள், பூசாரி ஏசுகிறார், நீங்கள் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்கள் ஒன்றையும் கவனிக்காத மனிதரா, எல்லாவற்றையும் கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மனிதரா? அவள் மறைத்ததை நீங்கள் அறிந்து, நீங்கள் அறிந்ததை அவள் அறிந்து, இரண்டு பேருமாக ஒரே வீட்டில் இத்தனை காலம் நாடகம் ஆடினீர்களா? எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு டிக்கெட்டாவது எடுத்திருப்பேனே.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். மணியண்ணன் பெயர் என்ன ஆவது? டீக்கடையில் நான் கோடிகாட்டியது அதற்குள் தார் ரோடாகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம், “என்னங்க, மணியண்ணன் செத்த வீட்டுச் சாமானையே கழட்டிட்டாராமே?” என்று எனக்கே சொன்னார்கள். அந்த ரைஸ் குக்கர் அம்மாவைத் தேடிப் பிடித்தேன், சந்தையில் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது பிழை. மணியண்ணன் நல்ல மனுஷன்.”

“அவரே ஆமான்னு சொன்னாரே?”

“சொன்னாரு. ஆனா அவரு செய்யல. அதாவது, செஞ்சாரு. ஆனா திருடல.”

“அப்ப எதுக்குச் செஞ்சாரு?”

அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் உங்கள் பெயர், சொல்லாவிட்டால் அவர் பெயர். லீக்ஸ் கட்டால் என் நெஞ்சைச் சுட்டிக்காட்டிவிட்டு அந்த அம்மா சொன்னார்: “நேத்துத் திருடன்னீங்க, இன்னைக்கு நல்லவருங்கிறீங்க. ரெண்டு பேருக்கும் பங்கு சரியாப் போச்சாக்கும்?”

வாழ்நாள் முழுக்க நான் ஊருக்குக் கொடுத்ததைத்தான் ஊர் எனக்குக் கொடுத்தது. மணியண்ணனிடம் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. “தம்பி, நான் வாக்குக் குடுத்திருக்கேன். கட போனாப் போகட்டும். நீங்களும் ஒன்னும் சொல்லாதீங்க” என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. வேலை மேசையும் காலியாக இருந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்காவிடமே போனேன். “பெட்டிய மணியண்ணன்கிட்டக் குடுத்து இடதுபக்கத்தச் சரி பண்ணிடலாம் அக்கா, கத அப்புடியே மறைஞ்சிரும்” என்றேன்.

“பெட்டியத் தொடாத. அது அவரு கேட்ட மாதிரியே கேக்கட்டும்.”

“அப்ப மணியண்ணன்?”

அவள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடுபனி லயத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிறகு, ஏதோ கடைக்குப் போய்வா என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

“எழுது. ஒனக்குத்தான் எழுத வருமே. அவருக்குக் காது கேக்காதுன்னு பேரு போட்டே எழுது. இனிமே அவர எவன் செட்டுக்குக் கூப்புடப் போறான்? மணியண்ணன் நாளைக்கும் கடையத் தொறக்கணும்.”

ஆகவே எழுதிவிட்டேன், மச்சான். இத்தனை வருஷம் நீங்களும் அவளும் பொத்திப் பொத்தி வைத்ததை அச்சில் போட்டு ஊர் முன்னால் வைக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், அதற்கும் ‘சரிதான் மாப்ள’ என்றே சொல்லுங்கள். இந்தத் தாள் அச்சாகி வந்ததும் டீக்கடையில் நானே வாசிப்பேன், சந்தையில் வாசிப்பேன், மணியண்ணன் கடை வாசலில் நின்று வாசிப்பேன். அந்த மேசை நிறைகிற வரைக்கும் வாசித்துக்கொண்டே இருப்பேன். இது சத்தியம், இதில் மட்டும் என்னைச் சந்தேகிக்க வேண்டாம்.

உங்கள் வலப்பக்கம் வந்து, சத்தமாகப் பேசுகிற,
அக்காவின் தம்பி, உங்கள் மாப்ள